வாலில் இருந்த நான்கு அடையாளங்கள்

வாலைப் பார்த்தே எந்தத் திமிங்கிலம் என்று சொல்லிவிடலாம் என்பது அந்த வேலையில் சேரும்வரை எனக்குத் தெரியாது. நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் எங்கள் வீடு கண்டி வீதியில், பெயரில் மட்டும் கப்பல் உள்ள கப்பல்துறையில். கடல் எனக்கு பஸ் ஜன்னலில் வந்து போகிற ஒன்றாகவே இருந்தது. கணினியில் டிப்ளோமா முடித்துவிட்டு, நகரத்துக் கடையொன்றில் பில் போடுகிற மென்பொருளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். உப்புவெளியில் திமிங்கிலங்களை ஆய்வு செய்கிற ஒரு சிறு குழு, தரவுத்தள வேலை தெரிந்த ஆளைத் தேடுகிறது என்று கேள்விப்பட்டேன். கிடைத்தால் கிடைக்கட்டும் என்று போனேன். கிடைத்துவிட்டது.

அலுவலகம் என்பது ஒரு விருந்தினர் விடுதியின் பின்பக்கத்து அறை. இரண்டு மேசை, மூன்று கதிரை, உப்புக் காற்றில் துருவேறிய ஓர் இரும்பு அலுமாரி. என்னோடு சேர்த்துக் குழுவில் மூன்று பேர்தான். தலைவி கிளிவெட்டியில் வயல்களுக்கு நடுவே வளர்ந்து, வெளிநாட்டில் கடல் விலங்குகளைப் பற்றிப் படித்துக் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். அவரை நான் ‘மிஸ்’ என்று கூப்பிட்டேன். படகோட்டி கிண்ணியாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். என்னைத் தங்கச்சி என்பார். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரை நானா என்பேன்.

திமிங்கிலம் ஆழத்துக்குப் போகிறபோது வாலைத் தண்ணீருக்கு மேலே தூக்கும். படம் எடுக்கக் கிடைப்பது அந்தக் கணம்தான். வாலின் ஓரத்தில் ஒன்றுக்கு வெட்டு இருக்கும், இன்னொன்றுக்கு ஓட்டை இருக்கும், வேறொன்றுக்கு நுனி முறிந்திருக்கும். பல வருடத்துப் படங்கள் கணினியில் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, அடையாளங்களை ஓர் அட்டவணையில் ஏற்றுவதுதான் என் வேலை. ஓர் அடையாளத்துக்கு ஒரு நிரை. இன்ன இலக்கத் திமிங்கிலம், இடப்பக்கம், வெட்டு என்று ஒரு நிரை. அதே திமிங்கிலத்தின் வலப்பக்கத்து ஓட்டைக்கு அடுத்த நிரை. அதையே இன்னொரு நாளும் படம் எடுத்திருந்தால், அந்தப் படத்துக்கும் மறுபடி நிரைகள். மாரி மழையில் படகு கரையில் கிடந்த மாதங்கள் முழுவதும் நான் வால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே, “இண்டைக்கு எத்தினை வால்?” என்று கேட்பா.

மழை பெய்த ஒரு மத்தியானத்தில்தான் வலைக்குள் அகப்பட்ட திமிங்கிலத்தைப் பற்றி நானா சொன்னார். நான் சேருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. பெரிய வலையொன்று உடம்பைச் சுற்றிக்கொள்ள, ஒரு பெண் திமிங்கிலம் மேலே வந்து மூச்சு விடவும் கஷ்டப்பட்டுக்கொண்டு கிடந்ததாம். நானாவும் படகில் இருந்த இன்னொருவரும் தண்ணீருக்குள் குனிந்து குனிந்து கத்தியால் வலையை அறுத்திருக்கிறார்கள். பாதி நாள் அதிலேயே போயிருக்கிறது.

“கடைசிச் சுத்து வாலுக்கடியில இறுகிக் கிடந்தது” என்றார் நானா. “அதில கத்தியை வைக்கப் போறன், அது வாலைத் தூக்கிக்கொண்டு கீழ போயிட்டுது. அதுக்குப் பிறகு அதைக் காணேல்லை.”

சில வாரம் கழித்து மூதூர்ப் பக்கத்துக் கரையில் ஒரு திமிங்கிலம் செத்து ஒதுங்கியது. வாலும் பாதி உடம்பும் இல்லாமல் அழுகிக் கிடந்ததால் எது என்று சொல்ல வழியில்லை. ஆனால் கடற்கரை முழுக்க அதே கதைதான். வலையை வெட்டி விட்ட திமிங்கிலம் செத்துப்போச்சு. அதற்குப் பிறகு வலையில் திமிங்கிலம் பட்டால் மீனவர்கள் இவர்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். எப்படியும் சாகப்போகிறதற்காக எங்கட வலையை ஏன் வெட்டவேண்டும் என்பது அவர்களின் கேள்வி.

“அண்டைக்குப் படம் ஒண்டும் எடுக்கேல்லையா நானா?” என்று கேட்டேன்.

“படகில வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் எடுத்தவர். பிறகு அனுப்பியும் விட்டவர். பழைய கம்பியூட்டர் பழுதாகி, படமெல்லாத்தையும் மாத்தேக்குள்ள திகதியெல்லாம் அழிஞ்சு, ஒண்டோட ஒண்டு கலந்துபோச்சு. அந்த வால் உங்கட படங்களுக்குள்ளதான் கிடக்கு, தங்கச்சி. எதெண்டுதான் தெரியாது.”

பங்குனி முடிந்து கடல் அமைதியானது. படகு மறுபடி போகத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் நான் தனியே இருந்தபோது, நானா காலில் மணலோடு அறைக்குள் வந்தார். வழமையாக வாசலிலேயே காலைக் கழுவுகிற மனிதர்.

“வால் ஒண்டு கண்டம்” என்றார். “அடியில சுத்திவர வெள்ளைத் தழும்பு. கயிறு இறுகின இடம் மாதிரி. பக்கத்தில குட்டியும் ஒண்டு.”

பின்னால் வந்த மிஸ் கமராவை மேசையில் வைத்தார். “கயிற்றுத் தழும்போட எத்தினையோ திரியுது நானா. இது அதுதான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

“எனக்கும் தெரியாது மிஸ். மனசு சொல்லுது.”

“என்ர மனசும்தான் சொல்லுது. அதை வச்சுக்கொண்டு மீன்பிடிச் சங்கத்தில போய்க் கதைக்க ஏலாது.”

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

படம் தெளிவாக இருந்தது. அந்த வாலில் நான்கு அடையாளங்கள். இடது ஓரத்தில் ஆழமான வெட்டு. வலது நுனி முறிந்திருந்தது. நடுவுக்குக் கிட்ட ஓர் ஓட்டை. அடியில் அந்த வெள்ளை வளையம். “வளையத்தை விடுங்கோ” என்றார் மிஸ். “அது கயிற்றால வந்ததெண்டால் பழைய படத்தில இராது. மிச்சம் மூண்டையும் தேடுங்கோ.”

இது ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். இடப்பக்க வெட்டு, வலது நுனி முறிவு, நடு ஓட்டை, மூன்றும் சேர்ந்து இருக்கவேண்டும் என்று ‘அண்ட்’ போட்டுக் கோத்து, தரவுத்தளத்துக்கு ஒரு வினவல் எழுதினேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் யோசித்த பிறகுதான் புரிந்தது. கணினி ஒவ்வொரு நிரையாக எடுத்துப் பார்க்கிறது. ஒரு நிரையில் ஓர் அடையாளம்தான் இருக்கிறது. வெட்டாகவும் முறிவாகவும் ஓட்டையாகவும் ஒரே நேரத்தில் இருக்கிற நிரை எங்கே இருக்கும்? நான் இல்லாத ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

‘அண்ட்’டை எடுத்துவிட்டு, ‘அல்லது’ என்று பொருள்படும் சொல்லைப் போட்டேன். திரை நிரம்பி வழிந்தது. ஏதாவது ஓர் அடையாளம் பொருந்திய அத்தனை திமிங்கிலங்களும் வந்து நின்றன. கடலில் பாதித் திமிங்கிலத்துக்கு இடப்பக்கம் வெட்டு இருக்கிறது.

நிரைகளைத் திமிங்கிலவாரியாகக் கட்டிப்போட்டு, எந்தத் திமிங்கிலத்துக்குப் பொருந்திய நிரை மூன்று இருக்கிறதோ அதை மட்டும் காட்டு என்று எழுதினேன். அதற்கு ‘குரூப் பை’, ‘ஹாவிங்’ என்று இரண்டு கட்டளைகள் உண்டு. படித்த காலத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கியவை. ஓடவிட்டேன். ஒரே ஒரு இலக்கம் வந்தது.

“மிஸ், கிடைச்சிட்டுது” என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது. மிஸ் எழுந்து ஓடி வந்தார். நானா வெளியே நின்ற விடுதிக்காரரிடமும் சொல்லிவிட்டார். அவர் பால் விடாத பிளேன்ரீயும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் பார்க்க நின்றார். நான் படத்தைத் திறந்தேன்.

நானா முதலில் சிரித்தார். “இது ஆம்பிளை, தங்கச்சி. எங்கட படகை விடப் பெரிசு. இவனை எனக்குத் தெரியும்.”

அந்த ஆண் திமிங்கிலத்தின் வாலில் இருந்தது ஒரே ஓர் அடையாளம். இடப்பக்க வெட்டு. அதை மூன்று முறை படம் எடுத்திருந்தார்கள், ஆகவே மூன்று நிரைகள். நான் மூன்று நிரைகளைத்தான் கேட்டிருந்தேன். மூன்று வெவ்வேறு அடையாளங்களைக் கேட்கவில்லை. முகம் சுட்டது. மிஸ் ஒரு ரோல்ஸை எடுத்து என் பக்கம் நீட்டினார். அதைச் சாப்பிட்டுவிட்டு, வெவ்வேறாக எண்ணும்படி வினவலைத் திருத்தினேன்.

இப்போது வினவல் சரி. அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பதிலோ, மறுபடி ஒன்றுமில்லை.

அடுத்து வந்த நாட்களில் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். மூன்றில் ஏதாவது இரண்டு பொருந்தினால் போதும் என்று கேட்டேன். கண்ணால் பார்த்து முடிக்க முடியாத அளவுக்கு வந்தது. இடம் வலம் மாறி ஏற்றப்பட்டிருக்குமோ என்று பழைய நிரைகளைச் சோதித்தேன். மிஸ் என்னை அவசரப்படுத்தவில்லை. நானா மட்டும் படகு திரும்பியதும் வாசலில் நின்று, “வந்துதா?” என்று கேட்பார். “இல்லை நானா” என்பேன். “சரி, கிடக்கட்டும்” என்று காலைக் கழுவப் போவார். அந்தக் ‘கிடக்கட்டும்’தான் என்னை விடவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் நகரத்தில் வங்கிக்குப் போகவேண்டி வந்தது. கவுண்டரில் இருந்த பிள்ளை என் அடையாள அட்டையை வாங்கி, அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, புருவத்தில தழும்பு இருக்கு. படத்தில காணேல்லையே?”

“படம் எடுக்கேக்குள்ள இல்லை. பிறகு சைக்கிளில விழுந்து வந்தது.”

அவள் இன்னொரு தரம் பார்த்தாள். “ஓம், மூக்குக்குப் பக்கத்து மச்சம் ரெண்டிலயும் இருக்கு” என்று முத்திரையைக் குத்தித் தந்தாள்.

நான் கதவுவரை நடந்து, அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் சுற்றிக்கொண்டு போனார். தழும்பு பிறகு வந்தது. ஆகவே பழைய படத்தில் அது இல்லாமல் இருக்கலாம். ஆனால் பழைய படத்தில் இருந்த மச்சம் புதிய முகத்திலும் இருந்தே ஆகவேண்டும். வாலும் அப்படித்தான். ஒரு முறை கிழிந்த வால் திரும்ப வளராது. பழைய வாலில் இருந்தது எல்லாம் புதிய வாலில் இருக்கவேண்டும். புதிய வாலில் இருப்பது எல்லாம் பழைய வாலில் இருக்கவேண்டியதில்லை. நாங்கள் வளையத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேடினோம். ஓட்டையும் பிறகு வந்ததாக இருந்தால்? எது முன்பு வந்தது, எது பின்பு வந்தது என்று எனக்குத் தெரியவேண்டிய தேவையே இல்லை. கேள்வியைத் திருப்பிப் போட்டால் போதும். இந்த அடையாளங்களெல்லாம் எந்தத் திமிங்கிலத்திடம் இருக்கின்றன என்று இவ்வளவு நாளும் கேட்டேன். இந்த வாலில் காணாத வேறு அடையாளம் ஒன்றுகூட இல்லாத திமிங்கிலம் எது என்று கேட்டிருக்க வேண்டும்.

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இருக்கவில்லை. ஓட்டோ பிடித்து உப்புவெளிக்குப் போனேன். கைப்பையைக் கழற்றாமலே கதிரையில் இருந்து எழுதினேன். இந்த வாலில் இல்லாத அடையாளம் ஒன்றாவது உள்ள திமிங்கிலங்களை எல்லாம் விலக்கு. மிஞ்சியதைக் காட்டு.

முதலில் வந்தது பெரிய கூட்டம். பார்த்தால், திமிங்கிலப் பட்டியலில் இலக்கம் மட்டும் உள்ள, ஓர் அடையாளமும் இல்லாத வால்கள். ஒன்றுமே இல்லாததிடம் வேறு அடையாளம் எப்படி இருக்கும்? அவையும் நான் கேட்டதற்குச் சரியான பதில்தான். இந்த முறை எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கில் குறைந்தது இரண்டு வெவ்வேறாகப் பொருந்தவேண்டும் என்று இன்னொரு நிபந்தனையைச் சேர்த்து மறுபடி ஓடவிட்டேன்.

இரண்டு இலக்கங்கள் வந்தன.

மிஸ் தொலைபேசியில் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. ரோல்ஸ் வந்த நாள் நினைவில் இருந்தது. முதல் படத்தைத் திறந்தேன். வெட்டு இடப்பக்கம்தான், ஆனால் சின்னது, நுனிக்குக் கிட்ட. அது இல்லை. இரண்டாவதைத் திறந்தேன்.

வெட்டு அதே இடத்தில், அதே ஆழத்தில், அடியில் சின்னதாக ஒரு வளைவோடு இருந்தது. வலது நுனி அதே சாய்வில் முறிந்திருந்தது. ஓட்டை இல்லை. வளையம் இல்லை. வாலின் அடியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீருக்குச் சற்று மேலே, கறுப்புத் தோலோடு ஒட்டிக்கொண்டு பச்சை வலை நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“மிஸ்” என்றேன். “போனை வச்சிட்டு வாங்கோ.”

அவர் வந்து பார்த்தார். பிறகு இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரங்களை அளந்தார். மறுபடி முதலிலிருந்து அளந்தார். “நீங்கள் சொல்லுறது சரி” என்றார். “இதுதான். இது உயிரோட இருக்கு.”

நானா அப்போது கடலில் இருந்தார். அவர் படகை இழுத்துக் கட்டிவிட்டு வருவதற்குள் விடுதிக்காரர் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாரோ என்று நாங்கள் இருவரும் மணலில் இறங்கிப் போய் நின்றோம். படத்தைப் போனில் காட்டினேன். அவர் ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். பச்சை நூலைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். படகின் ஓரத்தில் உட்கார்ந்தார். “நான் வெட்டாம விட்ட கயிறு. அது தானே அறுத்திருக்கு, பாருங்கோ.” பிறகு தன் மனைவிக்குப் போன் எடுத்து, “அண்டைக்கு நான் சோறு தின்னாம வந்து படுத்தனானே, அந்தத் திமிங்கிலம் உயிரோட கிடக்குதாம், குட்டியும் போட்டிருக்குதாம்” என்று சத்தமாகச் சொன்னார். கடற்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மீன்பிடிச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நடந்தது. மிஸ் பேசுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். “கண்டுபிடிச்சது நீங்கள். நீங்களே சொல்லுங்கோ” என்றுவிட்டார். சுவரில் விரித்த வெள்ளைத் துணியில் இரண்டு வால்களும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் என் அப்பாவின் வயதுக்காரர்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, “வாலெல்லாம் ஒரே மாதிரித்தானே பிள்ளை. இதுதான் அது எண்டு நீங்கள் எப்பிடிச் சொல்லுவியள்?” என்று கேட்டார். வலையை ஏன் வெட்டவேண்டும் என்று அன்றைக்கு முதலில் கேட்டவர் இவர்தான் என்று நானா காதுக்குள் சொன்னார்.

“ஐயா, எங்களிட்ட இருக்கிற எல்லா வாலையும் கம்பியூட்டரிட்டக் குடுத்தன்” என்றேன். “இந்தப் புது வாலில இல்லாத காயம் ஒண்டாவது இருக்கிற வாலையெல்லாம் தள்ளிவிடச் சொன்னன். பழைய காயம் மறையாதுதானே. பிறகு, இந்தக் காயங்களில குறைஞ்சது ரெண்டு இருக்கிறதைக் காட்டச் சொன்னன். ரெண்டு வால் மிஞ்சிச்சு. ஒண்டில வெட்டு வேற இடத்தில. மற்றது இது. இந்த இடத்தைப் பாருங்கோ.” நூலைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

அவர் எழுந்து துணிக்குக் கிட்ட வந்தார். விரலால் வெட்டின் ஓரத்தை ஒரு படத்தில் தடவினார், பிறகு மற்றப் படத்தில் தடவினார். நூலைக் கூர்ந்து பார்த்தார். “இது எங்கட ஆக்கள் பாவிக்கிற வலைதான்” என்றார் பின்னால் திரும்பி. பிறகு என்னைப் பார்த்தார். “குட்டியும் கிடக்கோ?”

“ஓம் ஐயா.” குட்டியின் படத்தைப் போட்டேன். தாயின் பக்கத்தில் சுருங்கின தோலோடு ஒரு சின்ன முதுகு. மண்டபத்தில் ஆட்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

“அப்ப சரி” என்றார் அவர், தன் போனை எடுத்துக்கொண்டே. “நம்பரைச் சொல்லுங்கோ பிள்ளை. இனிப் பட்டால் எடுக்கிறம்.” நான் சொல்ல, மண்டபம் முழுவதும் இலக்கங்களை அழுத்தும் சத்தம் கேட்டது. மிஸ் கதவுப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் கண்டேன்.

ஆடி மாதத்தில் முதல் அழைப்பு வந்தது. அலுவலகத்தில் நாங்கள் மூவரும் இருந்தோம். “ஒரு சின்னத் திமிங்கிலம், வலை வாயைச் சுத்திக் கிடக்கு, நாங்கள் பக்கத்தில படகை நிப்பாட்டி வச்சிருக்கிறம், கெதியா வாங்கோ” என்று ஒரு மீனவரின் குரல். நானா ஏற்கனவே கத்திகளை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தார். மிஸ் கமராவை என் கையில் தந்தார். அதுவரை நான் படகில் போனதில்லை. கடல் என்றால் தலை சுற்றும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டே இருந்தவள்.

“எனக்கு நீந்தத் தெரியாது மிஸ்” என்றேன்.

“எனக்கும் வந்த புதுசில தெரியாது” என்று என் கழுத்தில் பாதுகாப்பு அங்கியை மாட்டிவிட்டார். “ஏறுங்கோ.”

நான் ஏறினேன். வழியில் ஒரு முறை வாந்தி எடுத்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஐந்தாறு மீன்பிடிப் படகுகள் வட்டமாக நின்றன. சங்கக் கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த ஐயா தன் படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, எங்களுக்காகக் காத்திராமல், தன் சொந்த வலையைத் தன் கையால் வெட்டிக்கொண்டிருந்தார்.